முதலில் நேவிகேட்டர், பிறகு திரை: ஆர்.வி.-9ஏ விமானத்துக்கு ஐ.எஃப்.ஆர். கருவிகள் வாங்கிய அனுபவம்

சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்களில் பலர், கருவிப் பலகையான பேனலின் வேலை தொடங்கியதும் முதலில் ஆர்டர் கொடுப்பது பெரிய வண்ணத் திரைகளுக்குத்தான். கண்ணுக்கு எடுப்பானவை அவைதாம். பணத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். மேகத்துக்குள் பறக்கத் தேவையான மற்ற எல்லாவற்றையும் மிச்சத்தில் சமாளிக்கப் பார்ப்பார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் (ஐ.எஃப்.ஆர்.) எண்ணம் உண்மையிலேயே இருந்தால், முதல் பணம் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவியான நேவிகேட்டருக்கு, அடுத்தது பிரதான மின்சாரம் போனால் உதவும் மாற்று மின்சாரத்துக்கு. திரைக்கு மூன்றாவது இடம் போதும்.

நான் வசிப்பது கலிபோர்னியாவின் சான் ஹோசே பக்கம். விமானம் நிற்பது வாட்சன்வில் விமான நிலையத்தில், மான்டரே வளைகுடாவை ஒட்டி. கட்டியது வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி.-9ஏ, ஓரிகன் மாநிலம் அரோராவிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து நாமே கட்டிக்கொள்ளும் வகை. வேலையில் பாதிக்கு மேல் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. அதை 'எக்ஸ்பெரிமென்டல்' என்று பதிவு செய்யும். தொழிற்சாலையில் கட்டிய விமானத்தில் ஒரு கருவியை மாற்ற எத்தனையோ ஒப்புதல் வேண்டும். எங்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கிடையாது. சாதாரண வருமானக்காரர் ஐ.எஃப்.ஆர். விமானம் வைத்துக்கொள்ள முடிவதற்கு முதல் காரணம் இதுதான்.

எந்தக் கருவி வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எந்த மேகத்துக்குள் போகப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் கடற்கரையில் கோடைக்காலம் முழுக்கக் கடலிலிருந்து தாழ்மேகம் உள்ளே வரும். மாலையில் வந்து கவிந்தால் மறுநாள் முற்பகல் வரை விலகாது. அடிப்பகுதி தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் இருக்கும். மேற்பகுதி பல நாட்களில் 2,000 அடியைக்கூடத் தாண்டாது. அதைத் துளைத்து மேலே போனால் பளீரென்று வெயில். பனி உறையும் அபாயம் இல்லை, இடி மின்னல் இல்லை. இந்த மெல்லிய மேகம்தான் எனக்கும் என் பயணங்களுக்கும் நடுவே இருந்த தடை. சியரா மலைகளுக்கு மேலே குளிர்காலப் புயலில் இந்தச் சிறிய விமானத்தை ஓட்டும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த எல்லையை எழுதி வைத்துக்கொண்டதுமே வாங்க வேண்டாத பொருள்களின் பட்டியல் நீண்டுவிட்டது. பனிநீக்கக் கருவி, செயற்கைக்கோள் வானிலைச் சந்தா, இரண்டாவது பெரிய திரை எல்லாம் அப்படிப் போனவைதாம்.

ஆனால் இதே மேகம் ஒரு விஷயத்தில் கறாரானது. அது கீழே 500 அடியில் நிற்கலாம். பக்கவாட்டு வழியை மட்டும் காட்டும் சாதாரண ஜி.பி.எஸ். அப்ரோச்சின் (ஓடுபாதைக்கு இறங்கும் வழியின்) இறக்க வரம்பு, அதாவது ஓடுபாதை தெரியாவிட்டால் அதற்கும் கீழே போகக் கூடாத உயரம், பெரும்பாலும் தரையிலிருந்து 400 முதல் 600 அடி வரை. ஓடுபாதை தெரியாமல் திரும்பிப் போக நேரலாம். வாஸ் என்னும் செயற்கைக்கோள் திருத்த அமைப்பைப் பயன்படுத்தும் எல்.பி.வி. அப்ரோச்சில் இறங்கு சரிவும் கிடைக்கிறது. வரம்பு சில இடங்களில் 200 அடி வரை இறங்குகிறது. வாஸ் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அமெரிக்காவில் எல்.பி.வி. அப்ரோச்கள் 4,000-க்கு மேல் உள்ளன, ரேடியோ அலையால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவியைத் தரையில் வைக்க வசதியில்லாத சிறிய ஊர்களிலும்கூட. ஆகவே வாஸ் உள்ள நேவிகேட்டர் என்பதில் நான் பேரமே பேசவில்லை.

சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். 91.205 என்ற விதி ஐ.எஃப்.ஆர். பறப்புக்கு வேண்டியவற்றைச் சொல்கிறது: செல்லும் வழிக்குப் பொருத்தமான வழிகாட்டும் கருவியும் ரேடியோவும், சாய்வு காட்டும் கருவி, திசை காட்டும் கருவி, திருப்ப வேகம் காட்டும் கருவி, சறுக்கல் காட்டும் உருண்டை, அழுத்தம் திருத்திக்கொள்ளக்கூடிய உயரமானி, நொடி காட்டும் கடிகாரம், மின்சாரம் உண்டாக்கப் போதிய திறனுள்ள ஆல்டர்னேட்டர். இவற்றில் பாதிக்கு மேல் இன்றைய ஒரே ஒரு திரையில் அடங்கிவிடும். அந்தத் திரைக்கு எஃப்.ஏ.ஏ. முத்திரை இருக்க வேண்டும் என்று எங்கள் வகை விமானத்துக்கு நிபந்தனை இல்லை. ஜி.பி.எஸ். விஷயம் வேறு. ஐ.எஃப்.ஆரில் அதை நம்பிப் பறக்க வேண்டுமானால் அது குறிப்பிட்ட தரங்களுக்கு உட்பட்டிருக்க வேண்டும். பழைய தரம் சி129. வாஸ் கருவிகளின் தரம் சி145, சி146. சி129 கருவி மட்டும் இருந்தால் தரை ரேடியோ நிலையங்களை வைத்து வழிகாட்டும் வி.ஓ.ஆர். போன்ற மாற்று வழிகாட்டியும் விமானத்தில் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். திரையோடு சேர்ந்தே ஒரு ஜி.பி.எஸ். வருகிறது, அது வரைபடத்தில் விமானத்தை அழகாகக் காட்டுகிறது, ஓடுபாதை வரை கோடும் போடுகிறது. மடியில் இருக்கும் டேப்லட்டும் அதையே செய்கிறது. இரண்டுமே சூழ்நிலையை அறிந்துகொள்ள மிக நல்லவை. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொண்டு மேகத்துக்குள் அப்ரோச் செய்ய அனுமதி இல்லை. அனுமதி இல்லாததற்குப் பொறியியல் காரணமும் இருக்கிறது: தரத்துக்கு உட்பட்ட நேவிகேட்டர், தான் சொல்லும் இடம் எவ்வளவு நம்பத்தக்கது என்று ஒவ்வொரு நொடியும் தன்னையே சோதித்துக்கொள்கிறது, நம்பகம் குறைந்தால் உடனே எச்சரித்து அப்ரோச்சைக் கைவிடச் சொல்கிறது. அந்தச் சோதனைக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பழைய கார்மின் ஜி.என்.எஸ். 430டபிள்யூ. ஜி.பி.எஸ்., ரேடியோ, ஐ.எல்.எஸ். மூன்றும் ஒரே பெட்டியில். 430 வந்தது 1998-இல்; பெயரின் இறுதியில் டபிள்யூ இருந்தால்தான் வாஸ் உண்டு. விளம்பரங்களில் அந்த ஓர் எழுத்து விடுபட்டுப் போவது சாதாரணம் என்பதால், பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நான் தேடிய நாட்களில் நல்ல நிலையில் இருந்த பழைய 430டபிள்யூ, புதிய கருவி ஒன்றின் விலையைத் தொட்டது. உற்பத்தி நின்றுபோன பெட்டி. பழுதானால் உதிரிப்பாகம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. இரண்டாவது வழி, எல்லாம் அடங்கிய புதிய ஜி.டி.என். 650 அல்லது அவிடைன் ஐ.எஃப்.டி. 440. அருமையான கருவிகள், என் கைக்கு எட்டாத விலை. மூன்றாவது, ஜி.பி.எஸ். 175. கார்மின் இதை 2019-இல் 4,995 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. ரேடியோ இல்லை, ஐ.எல்.எஸ். இல்லை; வாஸ் நேவிகேட்டர் மட்டும். எல்.பி.வி. முழுமையாக உண்டு. இரண்டு அங்குல உயரம்தான், தொடுதிரை. இதையே வாங்கினேன்.

அதே வரிசையில், ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்த ஜி.என்.எக்ஸ். 375 என்ற கருவியும் இருக்கிறது. பேனலில் இடம் குறைவானவர்களுக்கு அது நல்ல தேர்வு. என்னிடம் இடம் இருந்தது. பழுதுபார்க்க ஒன்றைக் கழற்றி அனுப்பும்போது இன்னொன்றும் கூடவே போய்விடக் கூடாது என்பதால் தனித்தனியாக வைத்துக்கொண்டேன். திரைக்காரர்களே விற்கும் டிரான்ஸ்பாண்டரை வாங்கினேன். 2020 ஜனவரி முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பரப்பில் கட்டாயமாகிவிட்ட, விமானம் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி. ஒலிபரப்பையும் அது செய்துவிடுகிறது.

நேவிகேட்டர் ஒரு கம்பெனி, திரை வேறு கம்பெனி என்றால் இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். விலைப்பட்டியலில் கண்ணில் படாத செலவு இது. சாதாரண சீரியல் கம்பி வழியாகப் பாதையும் தூரமும் வந்துவிடும். இறங்கு சரிவு ஊசி திரையில் வர வேண்டுமானால் பொதுவாக ஏரின்க் 429 என்ற இணைப்பு தேவை. டைனான் போன்ற திரைகளுக்கு அதற்கென்று ஒரு சிறிய பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். நான் வாங்கிய கம்பிக் கட்டு ஒரு கடையில் ஆயத்தமாகக் கட்டித் தரப்பட்டது. விமானத்தில் மாட்டி மின்சாரம் கொடுத்தால், நேவிகேட்டர் உயிரோடு இருக்கிறது, திரை உயிரோடு இருக்கிறது, ஆனால் திரையில் ஜி.பி.எஸ். ஊசியே இல்லை, அதன் இடத்தில் வெறும் சிவப்புக் குறி. இரண்டு பெட்டிகளின் அமைப்புகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தபோது தெரிந்தது: ஏரின்க் இணைப்பில் 'ஏ', 'பி' என்று முறுக்கிய இரண்டு கம்பிகள் உண்டு, கனெக்டரில் அவை இடம் மாறியிருந்தன. பின் கழற்றும் கருவியால் இரண்டையும் இழுத்து மாற்றிச் செருகியதும் ஊசி வந்து உட்கார்ந்தது. ஆயத்தக் கம்பிக் கட்டு நேரத்தை மிச்சப்படுத்தும், சந்தேகமில்லை. ஆனால் பேனலில் மாட்டும் முன்பே, மேசைமேல் வைத்து, வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு பின்னையும் சோதித்துவிடுங்கள். மேசையில் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை பேனலுக்கு அடியில் ஒரு வாரத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு சோதனையைப் பலர் செய்வதே இல்லை. ஜி.பி.எஸ். சமிக்ஞை 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. குரல் ரேடியோவில் 121.150, 121.175, 121.200 அலைவரிசைகளின் பதின்மூன்றாம் மடங்கும், 131.250, 131.275, 131.300 அலைவரிசைகளின் பன்னிரண்டாம் மடங்கும் அதன் மிக அருகில் போய் விழும். ரேடியோவோ கேபிளோ சரியில்லை என்றால், நாம் மைக்கில் பேசும்போதே ஜி.பி.எஸ். குருடாகிவிடும். ஆகவே திறந்த வெளியில் விமானத்தை நிறுத்தி, நேவிகேட்டரின் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த ஒவ்வோர் அலைவரிசையிலும் யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அரை நிமிடத்துக்கு மேல் மைக் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதில் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் பட்டைகள் சரியக் கூடாது. என் விமானத்தில் 121.175-இல் பட்டைகள் பாதியாகச் சரிந்தன. ரேடியோ ஆண்டெனா கேபிளின் முனையில் கனெக்டரைப் புதிதாக அழுத்திப் பொருத்திய பிறகு நின்றது.

வாஸ் இருக்கும்போது வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி வாஸ் நேவிகேட்டர் மட்டுமே போதும். ஆனால் கலிபோர்னியாவில் பறக்கிறவர்களுக்கு சைனா லேக் கடற்படைத் தளம் நன்றாகத் தெரியும்; அங்கிருந்து ஜி.பி.எஸ். குறுக்கீட்டுச் சோதனை நடப்பதாக அடிக்கடி அறிவிப்பு வரும், பாதிக்கப்படும் வட்டம் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு விரியும். எஃப்.ஏ.ஏ.வும் வி.ஓ.ஆர். நிலையங்களைக் குறைத்துக்கொண்டு வந்தாலும் முற்றாக மூடவில்லை; ஜி.பி.எஸ். போய்விட்டால் 100 கடல் மைலுக்குள் வி.ஓ.ஆர். அல்லது ஐ.எல்.எஸ். மூலம் இறங்க ஓர் இடம் இருக்கும்படி ஒரு குறைந்தபட்ச வலையை வைத்திருக்கிறது. எனக்குப் பக்கத்தில் சலினாஸிலும் மான்டரேயிலும் ஐ.எல்.எஸ். உண்டு. எனவே இறங்கு சரிவு வசதியுள்ள பழைய எஸ்.எல்.30 ரேடியோ ஒன்றை இன்னொரு விமானக்காரரிடமிருந்து வாங்கினேன். அது திரையோடு சீரியல் கம்பியில் பேசும் என்பதால் தனி ஊசிக் கருவி வாங்கத் தேவைப்படவில்லை. ஆண்டெனா, இறக்கையின் ஃபைபர்கிளாஸ் முனைக்குள் மறைவாக வைக்கும் செப்புப்பட்டை வகை. ஒரே கேபிளில் வி.ஓ.ஆரும் ஐ.எல்.எஸ்ஸும் வர ஒரு ஸ்ப்ளிட்டர் போதும். வி.ஓ.ஆர். கருவியை ஐ.எஃப்.ஆரில் பயன்படுத்த 30 நாளுக்கு ஒருமுறை சரிபார்த்துக் குறித்துவைக்க வேண்டும். அது ஒரு சிறு வேலை.

திரைக்கு வருகிறேன். பத்து அங்குலத் திரை ஒன்றே ஒன்று. ஒரே கம்பெனியின் ஒரே மென்பொருள் ஓடும் இரண்டு திரைகள் இருந்தால், மென்பொருளில் ஒரு பிழை வந்தால் இரண்டும் சேர்ந்தே விழக்கூடும். அந்த இரண்டாவது திரையின் விலையைவிட மிகக் குறைந்த செலவில், வேறு கம்பெனியின் சிறிய துணைக்கருவி ஒன்றை வைத்தேன்: கார்மின் ஜி5. எக்ஸ்பெரிமென்டல் விமானங்களுக்கு 2016-இல் அது சுமார் 1,200 டாலருக்கு வந்தது. சாய்வு, வேகம், உயரம், திசை எல்லாம் காட்டும். தன் சொந்த பேட்டரியில் நான்கு மணி நேரம் வரை ஓடும். பெரிய திரையை அணைத்துவிட்டு ஜி5-ஐ மட்டும் பார்த்து ஓட்டப் பழகுவதை இன்றும் விடாமல் செய்கிறேன்.

மின்சாரம்தான் நான் அதிகம் கவலைப்பட்ட இடம். பழைய விமானங்களில் வெற்றிடப் பம்பு கருவிகளைச் சுழற்றும். மின்சாரம் போனாலும் சாய்வுக் கருவி ஓடும். எங்களுடையது முழுக்க மின்சாரம். பம்பு தேவையில்லை என்பதால், லைகமிங் எஞ்சினின் பின்னால் பம்புக்கென்று இருக்கும் இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே பி அண்ட் சி நிறுவனத்தின் எஸ்.டி.-8 என்ற எட்டு ஆம்பியர் சிறிய ஆல்டர்னேட்டரை மாட்டினேன். எட்டு ஆம்பியருக்குள் எது எது ஓடும் என்பதை விற்பனைக் கையேட்டிலிருந்து எடுக்காதீர்கள். கிளாம்ப் மீட்டரை மெயின் கம்பியில் மாட்டி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அளந்து பாருங்கள். திரை, நேவிகேட்டர், ஒரு ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் எல்லாம் சேர்ந்து என் விமானத்தில் எட்டுக்குள் அடங்கின. பேசும்போது ரேடியோ கூடுதலாக இழுப்பதை பேட்டரி தாங்கிக்கொள்ளும். காற்று வேகம் அளக்கும் குழாயில் பனி உறையாமல் சூடாக்கும் பிட்டோ ஹீட்டர் ஒன்று மட்டுமே ஏறக்குறைய அந்த எட்டையும் விழுங்கிவிடும். அவசரத்தில் முதலில் அணைய வேண்டியது அது. இந்த வரிசையைச் சிறிய அட்டையில் அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் அதற்கு வரும் காற்றழுத்தம் தவறினால் உயரம் தவறும். ஐ.எஃப்.ஆர். பறக்க உயரமானியும், வெளிக்காற்றின் அழுத்தத்தை அதற்குக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயும் 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும். டிரான்ஸ்பாண்டருக்கும் அதே கெடு. சோதனையில், உயரமானி 1,000 அடி அதிகம் காட்டும்வரை குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி மூடிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். 100 அடிக்கு மேல் இறங்கினால் தேர்ச்சி இல்லை. அதிகாரபூர்வச் சோதனைக்குப் போகும் முன் இதை நாமே ஒரு மருத்துவ ஊசிக்குழலையும் மெல்லிய ரப்பர்க் குழாயையும் வைத்து முன்னோட்டம் பார்க்கலாம். மிக மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கருவிகள் கெட்டுவிடும். என்னுடையது முதல்முறை சரசரவென்று இறங்கியது. பேனலுக்குப் பின்னால் இருந்த ஒரு 'டி' இணைப்பில், பிளாஸ்டிக் குழாயின் முனை சற்றுச் சாய்வாக வெட்டப்பட்டிருந்ததால் கசிவு. பிளேடால் நேராக வெட்டி மறுபடி செருகியதும் ஊசி அசையாமல் நின்றது.

ஆட்டோபைலட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாக ஐ.எஃப்.ஆர். பறப்பவருக்கு அதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. எக்ஸ்பெரிமென்டலில் திரையே அதன் மூளையாக இருக்கிறது. விமானத்தின் கட்டுப்பாடுகளை அசைக்கும் சர்வோ மோட்டார்கள் இரண்டை மட்டும் வாங்கினால் போதும். தொழிற்சாலை விமானத்தில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு. தரையிலிருந்து வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் வழியை மாற்றிச் சொல்லும்போது, கை விமானத்தில் சிக்கியிருக்காமல் நேவிகேட்டரைத் தட்ட முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது மேகத்துக்குள் தனியாக இருக்கும்போது தெரியும்.

ஆண்டெனா, கம்பி, சர்வோ எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 25,000 டாலருக்குச் சற்றுக் கீழே நின்றது. இதில் அடங்காதது நேவிகேட்டரின் தரவுத்தளச் சந்தா. 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்; ஆண்டுக்குச் சில நூறு டாலர், விமானம் இருக்கும்வரை. நேவிகேட்டர் வாங்கும் நாளிலேயே இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செலவில்லாத ஒன்றும் உண்டு: ஜி.பி.எஸ். 175-ஐ டேப்லட்டில் அப்படியே ஓட்டிப் பார்க்கும் பயிற்சிச் செயலியை கார்மின் இலவசமாகத் தருகிறது. கருவி வருவதற்கு முன்பே எந்தப் பொத்தான் எங்கே என்று விரல் பழகிவிடும். புது விமானத்தின் முதல் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைக் கட்டத்தில் பகலில், தெளிந்த வானத்தில் மட்டுமே பறக்கலாம். அந்த மணிகளில் ஒரு பகுதியை, சலினாஸ் ஓடுபாதைக்கு ஐ.எல்.எஸ்ஸில் இறங்கிக்கொண்டே ஜி.பி.எஸ். என்ன காட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கச் செலவிட்டேன். எந்த நிலையில் எந்த ஊசி எப்படி நடந்துகொள்ளும் என்பது அப்போதுதான் மனத்தில் பதிந்தது.

சான் மார்ட்டினில் ஆர்.வி.-14 கட்டிக்கொண்டிருக்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர் சென்ற வாரம் அழைத்தார். "அண்ணா, இறக்கை மூடப் போகிறேன். பேனல் வாங்க இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். இப்போதே ஏதாவது தீர்மானிக்க வேண்டுமா?" என்று கேட்டார். திரையையும் நேவிகேட்டரையும் இப்போது வாங்கவே வேண்டாம், அதற்குள் விலையும் மாறும் பொருளும் மாறும் என்றேன். ஆனால் இறக்கையை மூடும் முன் நான்கு விஷயங்கள் உள்ளே போய்விட வேண்டும்: பிட்டோ ஹீட்டருக்குத் தடித்த கம்பி, இறக்கை முனை ஆண்டெனாவுக்கான கோஆக்ஸ் கேபிள், ஆட்டோபைலட் சர்வோவுக்கான தாங்கியும் கம்பியும், பிறகு எதற்கும் உதவும்படி முனை வரை ஒரு காலிக் குழாய். நான்கும் சேர்ந்து சில நூறு டாலர்தான். மூடிய பிறகு இவற்றைச் செய்ய வேண்டுமானால் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுக்க வேண்டியிருக்கும். கம்பிக்கும் கேபிளுக்கும் அன்று மாலையே அவர் ஆர்டர் கொடுத்துவிட்டார்.